தானே அணையும் விளக்கும் நமது சங்கக் கட்டிடங்களும்

ஆள் நுழைந்தால் தாமே எரிந்து, ஆள் போனபின் தாமே அணைந்துவிடும் விளக்குகளைச் சங்கக் கட்டிடங்களில் அமைக்க வேண்டும் என்னும் பிரேரணை இந்நாளில் பல நிர்வாகக் குழுக்களின் முன் வைக்கப்படுகிறது. வெறும் அறைகளில் விளக்கும் விசிறியும் ஓடிக்கொண்டிருப்பதைக் காணும் எவருக்கும் இந்தப் பிரேரணை நியாயமானதாகவே தோன்றும். நமக்கும் அவ்வாறே தோன்றுகிறது. ஆனால் இத்தகைய கருவிகள் ஏற்கெனவே பொருத்தப்பட்ட சில கட்டிடங்களை நாம் சென்று பார்த்தபோது, ஓரிடத்தில் கருவியின் இணைப்பையே நீக்கிவிட்டு விளக்கைப் பழையபடி நேராகச் சுவிட்சில் சேர்த்திருந்ததைக் கண்டோம். மற்றோரிடத்தில், அணையும் நேரத்தைக் குறிக்கும் திருகை அதன் கடைசி எல்லைவரை திருப்பி வைத்திருந்தார்கள். விளக்கு நாள் முழுவதும் அணைவதே இல்லை. பணம் செலவாகிவிட்டது, சிக்கனம் கிட்டவில்லை. அங்கு வேலை செய்தவர்கள் சோம்பேறிகளும் அல்லர், புதுமைக்குப் பகைவர்களும் அல்லர். கருவி அவர்கள் வேலைக்கு இடையூறு செய்தது. அவர்கள் தம் வேலையைக் காத்துக்கொண்டார்கள்.

நமது அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். அணைக்கும் வேலையைக் கருவியிடம் விடலாம். ஏற்றும் வேலையைப் பெரும்பாலான இடங்களில் மனிதரிடமே வைத்துக்கொள்வது நலம். எந்த விளக்கு எத்தனை நிமிஷம் கழித்து அணைய வேண்டும் என்பதை, அந்த விளக்கின் கீழ் உட்கார்ந்து வேலை செய்பவரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும். இம்மூன்றும் கவனிக்கப்படாத இடத்தில் கருவி வாங்குவது வீண் செலவு.

இதில் நமது அங்கத்தினர்களுக்கு உள்ள அக்கறை தனிப்பட்டது. கைத்தறி நெசவாளர் இல்லங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்றிருந்த இலவச மின்சாரம் 2023-ஆம் ஆண்டில் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. விசைத்தறிக்கு 750 யூனிட் என்பது 1,000 ஆயிற்று. விவசாயிகளின் பம்பு செட்டுக்கும் இலவச மின்சாரம் உண்டு. இவை வரவேற்கத்தக்க உதவிகளே. எனினும் வீட்டிலும் வயலிலும் மின்சாரத்தின் விலையைக் காணாத கண், சங்கத்தின் கட்டிடத்திலும் அதைக் காண மறந்துவிடுகிறது. சங்கத்தின் விற்பனைக் கூடத்துக்கு வருகின்ற பில் வணிகக் கட்டணப் பில். அதைச் செலுத்துவது காரியதரிசி அல்லர். ஆண்டு முடிவில் லாபப் பங்கு குறைவதன் மூலம் ஒவ்வோர் அங்கத்தினரும் செலுத்துகிறார்.

தானியங்கு அமைப்பு என்றதும் ஏதோ நேற்று முளைத்த சங்கதி என்று எண்ண வேண்டுவதில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியொன்றில் போதித்த வாரன் ஜான்சன் என்பவர், 1883-இல் அறையின் வெப்பத்தைத் தானே அறிந்து தெரிவிக்கும் மின்சாரக் கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன், குளிர்காலத்தில் பள்ளிக் காவலாளி ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் நுழைந்து உஷ்ணமானியைப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்துக்குப் போய்ச் சூடான காற்று வரும் கதவுகளைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பாடம் நடுவில் தடைப்படும்; அறையும் ஒழுங்கான வெப்பத்தில் இராது. ஜான்சனுடைய கருவி இந்த இரண்டு தொல்லைகளையும் நீக்கிற்று. அறையில் இருப்பவரின் வேலை தடைப்படாமல் இருப்பதற்காகவே அது பிறந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். இன்று அதன் பேரப்பிள்ளைகளான கருவிகள் பல இடங்களில் அறையில் இருப்பவரையே தொல்லைப்படுத்துகின்றன என்றால், குற்றம் கருவியினுடையதன்று. வைக்கும் இடத்தையும் வைக்கும் முறையையும் ஆராயாதவருடையது.

கடைக்காரர்கள் சென்சார் என்று கூறும் இந்த உணர்கருவி எவ்வாறு ஆளை அறிகிறது என்பதை விளங்கிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். சந்தையில் மலிவாகவும் அதிகமாகவும் கிடைப்பது, உடம்பிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிரை உணரும் வகை. அதற்குக் கண் இல்லை. மேலே தெரியும் வெண்மையான பிளாஸ்டிக் குமிழ் பல சிறு கண்ணாடிவில்லைகளைப் போல வார்க்கப்பட்டது. அது அறையை விசிறியின் மடிப்புகள் போலப் பல பட்டைகளாகப் பிரித்துக் கருவிக்குக் காட்டுகிறது. ஒரு பட்டையிலிருந்து மற்றொரு பட்டைக்கு வெப்பமுள்ள ஒரு பொருள் நகரும்போது ஏற்படும் மாறுதலையே அது ‘ஆள்’ என்று கொள்ளுகிறது. இதனால் சில விளைவுகள் உண்டாகின்றன. குறுக்கே நடப்பவரை அது உடனே கண்டுகொள்ளும். நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகவே காணும். ஆகவே நடைவழியின் கோடியில் அதைப் பொருத்துவதைவிட, பக்கச் சுவரிலோ கூரையிலோ பொருத்துவது மேல். வெப்பக் கதிர் சாதாரணக் கண்ணாடியை ஊடுருவாது. எனவே விற்பனைக் கூடத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் காசாளர், இப்புறத்திலுள்ள கருவிக்கு இல்லாதவரே. அசையாமல் உட்கார்ந்திருப்பவரும் இல்லாதவரே.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு சங்கடம் உண்டு. அதை விற்பனை ஏஜண்டுகள் சொல்லி நாம் கேட்டதில்லை. மனிதத் தோலின் வெப்பம் ஏறக்குறைய 33, 34 டிகிரி செல்சியஸ். கருவி உணர்வது உடலுக்கும் அதன் பின்னால் உள்ள சுவர், தரை ஆகியவற்றுக்கும் இடையே உள்ள வெப்ப வேற்றுமையை. மார்கழியில் அந்த வேற்றுமை நன்றாக இருக்கும். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகையின் கீழ்ச் சுவரும் தரையும் 34, 35 டிகிரிக்குக் காய்ந்துவிட்டால், வேற்றுமை ஏறக்குறைய அற்றுப்போகும். அப்போது நல்ல கருவியும் குருடாகிவிடும். மார்கழியில் பொருத்திச் சரிபார்த்துக் கையொப்பம் இட்டுக் கொடுத்த அமைப்பு சித்திரையில் வேலை செய்யவில்லை என்றால், மின்பணியாளர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சுற்றுப்புற வெப்பத்துக்கேற்பத் தன் கூர்மையை மாற்றிக்கொள்ளும் வகைகளும் கிடைக்கின்றன. தகரக் கூரையுள்ள சங்கங்கள் அந்த வகையையே கேட்டு வாங்க வேண்டும்; வெயில் காலத்தில் ஒரு முறை சரிபார்த்துக் கொடுப்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மற்றொரு வகை, நுண்ணலையை வீசி, அது திரும்பி வருவதில் உள்ள மாறுதலைக் கொண்டு அசைவை அறிவது. இதற்கு வெயில் ஒரு தடையன்று. ஆனால் இது கண்ணாடியையும் மெல்லிய பலகைத் தடுப்பையும் ஊடுருவிச் செல்லும். தெருவில் போகிறவரைக் கண்டு கடையின் விளக்கை ஏற்றிவிடும். விசிறிக் காற்றில் ஆடும் பொருள்களையும் சில சமயம் ஆளாகவே கருதிக்கொள்ளும். புடைவைகளைக் கொடியில் விரித்துத் தொங்கவிட்டிருக்கும் நமது கூடங்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை அங்கத்தினர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஓயாமல் இயங்கும் விசைத்தறிகள் உள்ள கொட்டகையில் கேட்கவே வேண்டாம். தறி ஓடும்வரை அதற்கு ஆள் இருக்கிறார் என்றே பொருள்.

இனி எங்கே வைப்பது என்னும் விஷயம். ஆள் வந்து போகும் இடங்களில் வைக்க வேண்டும். ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் இடங்களில் வைக்கலாகாது. நூல் கிடங்கு, துணிக் கிடங்கு, உரக் கிடங்கு, கழிப்பறை, நடைவழி, மாதம் ஒரு முறை கூடும் கூட்ட அறை ஆகியவை முதல் வகை. கிடங்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூட்டைகளையும் பேல்களையும் கூரை அளவுக்கு அடுக்கியபின், வாசலில் உள்ள ஒரு கருவி உட்சந்துகளைக் காணாது. சந்துக்கு ஒன்றாகவே வைக்க வேண்டும். இல்லையேல், பேல்களுக்கு நடுவே இருப்புக் கணக்கு எடுப்பவர் இருளில் நிற்க நேரும்.

தறிக்கூடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குழித்தறியில் நெய்பவருடைய கையும் காலும் அசைகின்றன. அருகில் கருவி இருந்தால் ஒருவேளை அவரைக் காணும். ஆனால் நெசவு என்பது நாடா ஓட்டுவது மட்டுமன்று. பழைய பாவின் முனையோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பவர் மணிக்கணக்கில் குனிந்தே உட்கார்ந்திருக்கிறார். அசைவது விரல் நுனிகள் மட்டுமே. அச்சில் இழை கோப்பவரும் அப்படியே. ஆயிரக்கணக்கான இழைகளில் எண்ணிக்கை தவறாமல் போய்க்கொண்டிருக்கும் ஒருவருக்கு, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை விளக்கு அணைவதும், அவர் எழுந்து கையை வீசி ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கூரைக்கு அறிவிப்பதும் எவ்வளவு பெரிய இம்சை! ஓர் இழை மாறினால் துணியின் முழு நீளத்திலும் அந்தப் பிழை ஓடும். அதனால் போகும் கூலியும் விலையும், ஓராண்டில் அந்த ஒரு விளக்கினால் மிச்சமாகும் மின்சாரத்தைக் காட்டிலும் அதிகம். இவ்வேலைகளைச் செய்பவர் பெரும்பாலும் பெண்கள். நிர்வாகக் குழுவில் எழுந்து பேசுகின்றவர்கள் அவர்கள் அல்லர். ஆகவே அவர்களைத் தேடிப்போய்க் கேட்பது குழுவின் கடமை. கணக்கு எழுதும் குமாஸ்தாவின் மேஜையும் இதே இனத்தைச் சேர்ந்தது. யந்திரம் சுழலும் இடம், மாடிப்படி ஆகியவற்றில் ஆள் இருக்கும்போது விளக்கு அணைவது தொல்லை மாத்திரமன்று, அபாயமும் ஆகும்.

ஏற்றும் வேலையை மனிதரிடம் வைத்துக்கொள்வது நலம் என்றோம். காரணம் எளிது. பட்டப்பகலில் சன்னல் வழியே வெளிச்சம் நிறைந்திருக்கும் அறைக்குள் ஒருவர் பேரேட்டை எடுக்க நுழைகிறார். முழுத் தானியங்கு அமைப்பானால் எல்லா விளக்குகளும் எரிந்து, அவர் போனபின்னும் பத்து நிமிஷம் எரியும். கைச் சுவிட்சு இருந்தால் அவர் அதைத் தொடவே மாட்டார். மனிதர் மறப்பது அணைப்பதைத்தான். ஏற்றுவதை ஒருவரும் மறப்பதில்லை. மறதி உள்ள பக்கத்தில் கருவியை நிறுத்துவதே முறை. கழிப்பறையும், இரு கையிலும் சுமையோடு நுழையும் கிடங்கும் இதற்கு விலக்கு. அங்கே தானே எரிவதே சௌகரியம்.

இவற்றால் மிச்சம் எவ்வளவு? கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கிடங்கில் 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்குகள் பத்து உள்ளன என்று கொள்வோம். காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை அவை எரிகின்றன. உண்மையில் உள்ளே ஆள் இருப்பது 2 மணி நேரம். மீதி 7 மணி நேரத்துக்கு 1.4 யூனிட் வீணாகிறது. ஆண்டுக்கு 300 வேலை நாளானால் 420 யூனிட். உணர்கருவியும் இரவு பகலாக மின்சாரம் குடிக்கிறது. ஒன்றுக்கு 1 வாட் என்றால் நான்கு கருவிகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 35 யூனிட். அதைக் கழித்தாலும் 385 யூனிட் மிச்சம். இது செய்யத்தக்கதே. அடுத்து, 9 வாட் பல்பு ஒன்றே உள்ள சிறு கழிப்பறையை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் மிச்சம் பிடித்தாலும் ஆண்டுக்கு 22 யூனிட்டுக்கு மேல் இல்லை. அதில் கருவியே 9 யூனிட்டைத் தின்றுவிடும். கைக்கு எஞ்சுவது 13 யூனிட். அந்தக் கருவியின் விலை திரும்பி வர எத்தனை ஆண்டு ஆகும் என்று பார்த்துக்கொள்ளலாம்! பழைய குழல் விளக்குக்குச் சோக்கு உட்பட 50 வாட் செலவான காலத்தில் எழுதப்பட்ட லாபக் கணக்குகளையே இன்றும் சில விற்பனையாளர்கள் காட்டுகிறார்கள். எல்.இ.டி. வந்தபின் அந்தக் கணக்கு செல்லாது.

விசிறிகளில்தான் பெரும்பணம் போகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பழைய கூரை விசிறி 75 வாட் அளவு கொள்ளும், பி.எல்.டி.சி. என்று வழங்கும் புதுவகை மோட்டார் விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 8 மணி நேரம், 300 நாள் ஓடும் ஆறு விசிறிகளை மாற்றினால், ஒரு கருவியும் இல்லாமலே ஆண்டுக்கு 648 யூனிட் மிச்சமாகும். ஆகவே கையில் உள்ள தொகை சிறிதானால் முதலில் விசிறியை மாற்றுவதே விவேகம். ஏர் கண்டிஷனர் வைத்துள்ள விற்பனைக் கூடங்களில் கருவிக்கு நல்ல வேலை உண்டு. ஒன்றரை டன் யந்திரம் ஆளில்லாத அறையில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு மேல் போகும். ஆனால் விளக்கைப் போல அதை அடிக்கடி நிறுத்தி ஓட்டலாகாது. 20 அல்லது 30 நிமிஷம் அறை வெறுமையாக இருந்தபின் நிறுத்துவதே கம்ப்ரஸருக்கு ஏற்றது. நட்சத்திரக் குறியுள்ள அறை யந்திரங்கள் எல்லாம் தொடக்கத்தில் 24 டிகிரியில் நிற்குமாறே விற்கப்பட வேண்டும் என்னும் விதி 2020 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. அந்த 24-ஐ 18-ஆகக் குறைக்கும் கைகளை எந்தக் கருவி தடுக்கும் என்பதை நாம் அறியோம்.

நெசவாளர் சங்கங்களுக்கு மின்சாரச் சிக்கனத்தோடு வேறொரு லாபமும் உண்டு. ஒளி சாயத்தை வெளுக்கச் செய்கிறது. அலமாரியில் மடிப்புக் கலையாமல் மாதக்கணக்கில் இருக்கும் பட்டுப் புடைவையின் வெளிமடிப்பு மட்டும் நிறம் மங்கியிருப்பதை எந்த விற்பனையாளரும் கண்டிருப்பார். இயற்கைச் சாயங்களில் இது இன்னும் விரைவு. வாங்குபவர் அலமாரியின் அருகே வரும்போது மட்டும் அதன் விளக்கு எரியும்படி அமைத்தால் சரக்கின் ஆயுளும் நீளும். உற்பத்தியாளர் சங்கங்களுக்கும் இதையொத்த நன்மை உண்டு. உருளைக்கிழங்கு வெளிச்சத்தில் கிடந்தால் பச்சை பாய்ந்து, உண்பதற்குக் கெடுதலான பொருள் அதில் ஊறும். கிடங்கு இருட்டாயிருப்பதே சரக்குக்கு நல்லது. குளிர்பதனக் கிடங்கில் எரியும் ஒவ்வொரு விளக்கும் அறைக்கு வெப்பத்தை ஊட்டுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றக் குளிர் யந்திரம் மேலும் மின்சாரம் செலவழிக்கிறது. அங்கே வீணாக எரியும் விளக்குக்கு இரட்டைச் செலவு. ஆனாலும் குளிர் அறைக்குள் முழு இருளுக்கு ஒருபோதும் இடம் தரலாகாது. எந்தக் கருவிக்கும் கட்டுப்படாத ஒரு சிறு விளக்கு கதவருகே எப்போதும் எரிய வேண்டும். கதவை உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி அந்த வெளிச்சத்தில் தெரிய வேண்டும்.

கருவி வாங்குமுன் செய்யத்தக்க மற்றொரு காரியம், சுவிட்சுகளின் வரிசையை மாற்றுவது. பல சங்கக் கட்டிடங்களில் சன்னலோர விளக்கும் நடு அறை விளக்கும் ஒரே சுவிட்சில் கோக்கப்பட்டுள்ளன. நடுவே இருட்டாயிருக்கிறது என்பதற்காகச் சன்னலோரமும் எரிகிறது. சன்னலுக்கு இணையாக வரிசை வரிசையாகப் பிரித்து இணைத்தால், பகலில் பாதி விளக்குகளுக்கு வேலையே இராது. இதற்கு ஆகும் செலவு கொஞ்சம் ஒயரும் ஒரு மின்பணியாளரின் இரண்டு நாள் கூலியுமே.

சட்டம் இவற்றை நம்மீது சுமத்தவில்லை. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சிக்கனச் சட்டத்தின் கீழ் 2007-இல் வெளியிடப்பட்டு 2017-இல் திருத்தப்பட்ட கட்டிட விதித்தொகுப்பு, விளக்குகள் தாமாக அணைய வேண்டும் என்று சொல்வது 100 கிலோவாட் சுமை முதலான பெரிய வணிகக் கட்டிடங்களுக்கே. நமது சிறிய சங்கங்கள் அதில் அடங்கா. எனவே எந்த ஏஜண்டாவது ‘சர்க்கார் உத்தரவு’ என்று சொல்லி அவசரப்படுத்தினால், அந்த உத்தரவைக் கொண்டுவந்து காட்டுமாறு கேட்பதே சரி.

வேறொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். புதிய கருவிகளில் சில, அறையில் ஆள் இருந்த நேரத்தைக் குறித்து வைத்துக் கைபேசிக்கு அனுப்பும் ஆற்றல் உள்ளவை. எந்தத் தறியடியில் எவர் எத்தனை மணிக்கு எழுந்து போனார் என்று பார்க்கும் ஆசை ஒரு நிர்வாகத்துக்கு வரக்கூடும். தனி முதலாளியின் ஆலையில் இந்த ஆசையைப் பற்றித் தொழிலாளரும் முதலாளியும் வாதாடிக்கொள்ளட்டும். கூட்டுறவுச் சங்கத்தில் தறியடியில் உட்கார்ந்திருப்பவரே கட்டிடத்தின் சொந்தக்காரர். விளக்கை அணைப்பதற்கென்று பேரவையில் அனுமதி பெற்ற கருவியை ஆளைக் கண்காணிக்கத் திருப்புவது, அங்கத்தினரின் பணத்தைக் கொண்டு அங்கத்தினரின் மீதே ஒற்றனை ஏவுவதாகும். அத்தகைய வசதி உள்ள கருவி வாங்கப்படுமாயின், அதனை உபயோகிக்கலாமா, கூடாதா என்பதைத் தனித் தீர்மானமாகப் பேரவையின் முன் வைக்க வேண்டும் என்பது நமது திடமான கருத்து.

பொருத்தியபின் யாருடைய பொறுப்பு என்பது மிச்சம். பொருத்தியவர் போனதும் திருகுகளை எப்படித் திருப்புவது என்று தெரிந்தவர் கட்டிடத்தில் ஒருவரும் இரார் என்ற நிலையே எங்கும் காணப்படுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் அது எத்தனை நிமிஷத்தில் நிற்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவிட்சுப் பலகையின் உட்புறம் ஒட்டி வைக்க வேண்டும். முதலில் 15 நிமிஷத்தில் வைத்து, இரண்டு வாரம் கழித்து அங்கு வேலை செய்பவர்களைக் கேட்டுக் குறைப்பதோ கூட்டுவதோ செய்யலாம். முதல் நாளே 2 நிமிஷத்தில் வைத்து அனைவருடைய வெறுப்பையும் சம்பாதித்துக்கொள்ள வேண்டாம். பஞ்சுத் தூசி பறக்கும் இடங்களில் மாதம் ஒரு முறை குமிழை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, குமிழ்களைத் தாளால் மூடி வைப்பதும், வேலை முடிந்தபின் அந்தத் தாளை மறவாமல் எடுப்பதும் காவலாளியின் பொறுப்பாக எழுதப்படட்டும். கருவி கெட்டுப்போன நாளில் விளக்கை நேராக ஏற்றுவதற்கு ஒரு தனிச் சுவிட்சு இருக்க வேண்டும். அது பூட்டிய பெட்டிக்குள் அன்றி, அறையின் கதவருகே, எல்லோர் கைக்கும் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.